குமிழியைக் காட்டும் கடை

(வள்ளியூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கிராமத்தில் கணினி அறிவை வளர்ப்பது எப்படி, பழுதோ சிக்கலோ வந்தால் நியாயமான உதவி கிடைக்கச் செய்வது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். கேட்பதற்கு இரண்டு பொருளாகத் தெரியும். நான் இந்த வட்டாரத்தில் இருபது வருஷமாகச் சிஸ்டம் பழுது பார்க்கிறேன். சாயங்காலம் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். எனக்கு இரண்டும் ஒன்றுதான். ஏன் என்று சொல்ல ஒரு சைக்கிள் கடையிலிருந்து தொடங்குகிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது எங்கள் தெருமுக்கில் ஒரு சைக்கிள் கடை இருந்தது. பஞ்சர் என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால், அண்ணாச்சி டயரை நெம்பி டியூபை வெளியே இழுப்பார். காற்றடிப்பார். பழைய இரும்புச் சட்டியில் கிடக்கும் தண்ணீருக்குள் அந்த டியூபைச் சாண் சாணாக அமுக்கிக்கொண்டே வருவார். ஓரிடத்தில் பொடுபொடுவென்று குமிழி கிளம்பும். "பாத்தியால? இங்கதான்" என்பார். அதோடு விடமாட்டார், முழு டியூபையும் சுற்றிவிடுவார். இன்னொரு இடத்தில் குமிழி வந்தால்தான் இரண்டு பஞ்சருக்குக் காசு. வராவிட்டால் ஒன்றுக்குத்தான். நான் மூன்றாவது தடவை போனபோது, "நீயே அமுக்கிப் பாருல" என்று டியூபைக் கையில் கொடுத்துவிட்டார். ஒரு கோடை விடுமுறைக்குள் எங்கள் தெருவில் பாதிப் பையன்களுக்குப் பஞ்சர் ஒட்டத் தெரிந்துவிட்டது. அதனால் அவர் கடை படுத்துவிடவில்லை. கூட்டம் கூடியது. ஏனென்றால் அந்தக் கடையில் ஏமாற முடியாது என்று எல்லோருக்கும் தெரியும்.

இப்போது நம் கணினிக் கடைக்கு வாருங்கள். நாம் எங்கே நிற்கிறோம்? மேசைக்கு இந்தப் பக்கம். நமக்குத் தெரிவது மானிட்டரின் முதுகு. தூசி படிந்த இரண்டு ஒயர், ஒரு ஸ்டிக்கர், அவ்வளவுதான். அந்தப் பக்கத்தில் நம் பெயர் ஓடுகிறது, நம் நிலத்தின் சர்வே எண் ஓடுகிறது, நம் வங்கிக் கணக்கு ஓடுகிறது. நம் காதில் விழுவது கீபோர்டு சத்தம் மட்டும். "சர்வர் டவுன், நாளைக்கு வாங்க" என்றால் நாளைக்கு வருகிறோம். "மதர்போர்டு போச்சு" என்றால் தலையை ஆட்டுகிறோம். உண்மையா என்று பார்க்க நம் கண்ணுக்கு ஒரு குமிழியும் இல்லை.

மானிட்டரின் முதுகு என்ன செய்யும் என்பதற்கு ஒரு நடப்பைச் சொல்கிறேன். பீடி சுற்றும் ஒரு அக்கா, மகளைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் தொழிலாளர் நலத்துறை கல்வி உதவித்தொகை தருகிறது என்பது இங்கே இருக்கும் பல வீடுகளுக்குத் தெரியும். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். முந்தின வருஷம் ஒரு கடையில் கொடுத்துப் பதிந்திருக்கிறார்கள், பணமும் வந்திருக்கிறது. இந்த வருஷம் புதுப்பிக்க வேண்டும். உள்ளே போகலாம் என்று பார்த்தால் ஓடிபி கேட்கிறது. ஓடிபி யாருக்குப் போகிறது? அந்த அக்காவின் போனுக்கு வரவில்லை. விண்ணப்பத்தில் இருந்தது கடையில் வேலை பார்த்த பையனின் நம்பர். அவன் வேலை தேடித் திருப்பூர் போய்விட்டான், பழைய சிம்மையும் மாற்றிவிட்டான். பாஸ்வேர்டு என்ன என்று கேட்டால் அக்காவுக்கு அந்தச் சொல்லே புதிது. மின்னஞ்சலும் கடையுடையது. அந்தக் கணக்கைத் திரும்பத் திறக்க நாங்கள் அலைந்து முடிப்பதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. இலை நனைத்து, வெட்டி, தூள் அடைத்து, நூல் கட்டி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று எண்ணிச் சம்பாதிக்கும் வீட்டில் ஒரு வருஷத் தொகை போனது.

அந்தப் பையன் திருடன் இல்லை. அதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வரிசையில் நாற்பது பேர் நிற்கிறார்கள், பாதிப்பேர் கையில் போன் கொண்டுவரவில்லை. தன் நம்பரைப் போட்டால் ஓடிபி உடனே வரும், வேலை முடியும். உதவி செய்கிறோம் என்று நினைத்துத்தான் செய்திருப்பான். ஆனால் அந்த உதவியால் அந்தக் குடும்பம் தன் விண்ணப்பத்துக்கே வெளியாளாகிவிட்டது. திரை நம் பக்கம் திரும்பியிருந்தால், "இது யார் நம்பர் தம்பி?" என்று பத்தாவது படிக்கும் அந்தப் பிள்ளையே கேட்டிருப்பாள்.

நியாயமான உதவி என்றால் விலை குறைந்த உதவி என்று பலர் நினைக்கிறார்கள். விலையும் முக்கியம்தான். இ-சேவை மையத்தில் வருமானச் சான்று, சாதிச் சான்று போன்றவற்றுக்குக் கட்டணம் 60 ரூபாய். நாமே வீட்டிலிருந்து பதிந்து விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது. பட்டாவை இணையத்தில் பார்க்கக் காசே கிடையாது. இதையெல்லாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஆனாலும் நான் காசைவிடப் பெரிதாக நினைப்பது வேறு. வேலை முடிந்து நீங்கள் கடையை விட்டு இறங்கும்போது உங்கள் கையில் என்ன இருக்கிறது? உங்கள் நம்பரில் பதிந்த கணக்கு, உங்கள் நோட்டில் உங்கள் கையெழுத்தில் எழுதிய பாஸ்வேர்டு, விண்ணப்ப எண் உள்ள ரசீது, அடுத்த தடவை எந்தப் பக்கத்தில் எதை அமுக்க வேண்டும் என்ற ஞாபகம். இவை இருந்தால் நீங்கள் 100 ரூபாய் கொடுத்திருந்தாலும் அது நல்ல கடை. இவை இல்லாவிட்டால் இலவசமாகச் செய்து கொடுத்திருந்தாலும் நீங்கள் அந்தக் கடைக்குக் கட்டுப்பட்டுவிட்டீர்கள்.

கிராமத்துக்குக் கணினியைக் கொண்டுவரும் முயற்சி தமிழ்நாட்டில் இன்று நேற்று தொடங்கியதில்லை. 2001இல் மதுரைக்குப் பக்கத்தில் மேலூர் வட்டாரத்தில் சாரி என்ற திட்டம் வந்தது. சென்னை ஐ.ஐ.டி., அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்டு பல்கலைக்கழகம், என்-லாக் என்ற நிறுவனம் எல்லாம் அதில் இருந்தன. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு ஐ.ஐ.டி.யில் உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தில் ஊருக்கு ஊர் இணையம் போனது. எண்பதுக்கும் மேற்பட்ட கணினி மையங்கள். தாலுகா ஆபீசுக்கு நடக்காமல் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். கண்ணைப் படம் பிடித்து அரவிந்த் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை கேட்கலாம். செல்போனே அபூர்வமாக இருந்த நாளில் இது சாதாரணமா? ஆனாலும் ஒன்றிலிருந்து மூன்று வருஷத்துக்குள் அவற்றில் பல மூடப்பட்டன. ஏன் என்று ராஜேந்திர குமார், மைக்கேல் பெஸ்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆராய்ந்து எழுதினார்கள். சொந்தமாக மையம் நடத்தியவர்களுக்கு வருமானம் கட்டவில்லை. ஆதரவாக இருந்த அதிகாரிகள் மாற்றலாகிப் போனதும் அரசுச் சேவைகள் நின்றன. இன்னொன்றும் அவர்கள் கண்டார்கள்: முன்பே கணினிப் பயிற்சி பெற்றிருந்தவர்கள் நடத்திய மையங்கள் அதிக நாள் தாக்குப்பிடித்தன.

அந்தக் கடைசிச் செய்தியை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். மின்னலடித்து மோடம் போனால், ஒயரை எலி கடித்தால், மெஷின் ஆன் ஆகாமல் நின்றால், ஊருக்குள்ளேயே ஒருவர் கழற்றிப் பார்க்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். ஆள் வெளியூரிலிருந்து வர வேண்டும் என்றால் மெஷின் ஒரு வாரம் தூங்கும். ஒரு வாரம் பூட்டிக் கிடக்கும் மையத்துக்கு எட்டாவது நாள் யாரும் போகமாட்டார்கள்.

புதுச்சேரிப் பக்கம் வேறு மாதிரி நடந்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் அங்கே கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரைத் தலைமையிடமாக வைத்துச் சுற்றியிருந்த ஊர்களுக்குச் செய்தி போனது. வீராம்பட்டினம் மீனவர் ஊர். அங்கே அலையின் உயரம் எவ்வளவு இருக்கும் என்ற அமெரிக்கக் கடற்படையின் முன்னறிவிப்பை இணையத்திலிருந்து எடுத்து, தமிழில் மாற்றி, ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கணினியைத் தொடாத மீனவருக்கும் அது பயன்பட்டது. நல்லவாடு என்ற இன்னொரு ஊர். 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரில் இருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் அங்கே சுனாமிச் செய்தியைக் கேட்டுவிட்டு ஊருக்குப் போன் போட்டார். ஊர்க்காரர்கள் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் கூவினார்கள், ஊரே கடற்கரையை விட்டு ஓடியது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உயிர் பிழைத்தார்கள். வீடும் படகும் போயின. உவரியிலிருந்தும் இடிந்தகரையிலிருந்தும் கூட்டப்புளியிலிருந்தும் இங்கே வந்திருப்பவர்களுக்கு அந்த நாள் எப்படியிருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மையம் நல்லவாட்டுக்காரர்களின் கைக்குள் இருந்தது. பூட்டியிருந்தாலும் அவர்களால் திறக்க முடிந்தது, எந்த சுவிட்சைப் போட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மலைக்கு அந்தப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். திருவனந்தபுரம் மாவட்டத்தில் புல்லம்பாறை என்று ஓர் ஊராட்சி. வீடு வீடாகப் போய், டிஜிட்டல் அறிவு இல்லாதவர்கள் யார் யார் என்று கணக்கெடுத்தார்கள். வகுப்பறைக்கு வாருங்கள் என்று அவர்களைக் கூப்பிடவில்லை. குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழுக்களின் கூட்டம் நடக்கும் இடத்துக்கும் நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கும் போய், வேலைக்கு நடுவில் ஓய்வு நேரத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். 2022 செப்டம்பர் 21 அன்று முழு டிஜிட்டல் அறிவு பெற்ற ஊராட்சி என்று அது அறிவிக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் கேரளம் முழுவதுக்கும் அதே அறிவிப்பு வந்தது. மத்திய அரசும் 2017இல் ஆறு கோடிக் கிராமத்து வீடுகளில் வீட்டுக்கு ஒருவருக்கு 20 மணி நேரப் பயிற்சி என்று ஒரு திட்டம் போட்டது. ஆனால் 2017-18 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் இந்தியக் கிராமத்து வீடுகளில் நூற்றுக்கு 4.4 வீட்டில்தான் கணினி இருந்தது. 20 மணி நேரம் கற்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் கை வைக்க ஒரு மெஷின் இல்லை என்றால், கற்றது எத்தனை நாள் நிற்கும்?

சொல்லிக்கொடுக்க ஆள் எங்கே என்று கேட்பீர்கள். நம் ஊரில் நூறு நாள் வேலைத் தளங்களில் 2023 ஜனவரியிலிருந்து வருகைப் பதிவைச் செயலியில் ஏற்றுவது கட்டாயமானது. வரிசையாக நிற்க வைத்துப் போட்டோ எடுத்து ஏற்றியவர் யார்? அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஒரு தங்கச்சி. சிக்னல் கிடைக்காமல் வரப்பில் ஏறி நின்று, கையைத் தூக்கிப் போனைக் காட்டி, ஏறவில்லை என்றால் மறுபடி எடுத்து, திட்டும் வாங்கி, வேலையை முடித்தவள். ஆசிரியர் வேண்டும் என்று நாம் திருநெல்வேலிக்கு ஆள் தேடிப் போகிறோம். அவள் வரப்பின் மேல் நிற்கிறாள்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். நம் பகுதியில் மெஷின் கெடுவதற்கு இரண்டு காரணம் முன்னால் நிற்கும். ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அடிக்கும் காற்று முப்பந்தலில் காற்றாலையைச் சுற்றுகிறது. அதே காற்று செம்மண் தூசியை நம் சிபியூவுக்குள் கொண்டுபோய்த் திணிக்கிறது. ஃபேன் அடைத்து, சூடாகி, மெஷின் தானே அணைகிறது. இன்னொன்று கடல் ஓரத்து உப்புக் காற்று. அது உள்ளே இருக்கும் உலோக முனைகளைக் கறுக்க வைக்கிறது.

மெஷினை ஆன் செய்தால் பீப், பீப் என்று கத்துகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை என்று கொண்டுவருவார்கள். சில இடங்களில் இதற்கு மதர்போர்டு என்று மூவாயிரம், நாலாயிரம் சொல்லியிருப்பார்கள். பலமுறை நான் கண்டது வேறு. கரண்ட் ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பவர் பட்டனை ஐந்தாறு விநாடி அமுக்குங்கள், உள்ளே தங்கிய மின்சாரம் வடியும். மூடியைக் கழற்றி, வெறும் இரும்புச் சட்டத்தை ஒருமுறை தொடுங்கள். ரேம் என்ற நீளப் பட்டை இருக்கும், இரண்டு முனையிலும் கொக்கி. கொக்கியை விலக்கினால் அது மேலே வரும். அதன் கீழ்விளிம்பில் பொன் நிறத்தில் வரிவரியாகத் தகடு. அது மங்கியிருக்கும். பிள்ளைகள் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேயுங்கள், துகளைத் தட்டிவிடுங்கள், பழைய இடத்தில் 'டக்' என்று கேட்கும்வரை அமுக்குங்கள். மெஷின் எழுந்து வரும். எல்லா மெஷினும் வரும் என்று சொல்லமாட்டேன். ஆனால் மூவாயிரம் செலவழிப்பதற்கு முன்னால் இந்தக் குமிழியைப் பார்த்துவிட வேண்டும்.

இங்கே நம் பக்கத்துத் தவறையும் பேச வேண்டும். ஒரு பெரியவரின் மெஷினை இப்படி அவர் கண் முன்னால் சரி செய்தேன். 150 ரூபாய் கேட்டேன். "ஒண்ணுமே மாத்தலியே தம்பி, ரப்பர் போட்டுத் தேச்சதுக்கா நூத்தம்பது?" என்றார். அதே பெரியவர் முந்தின வருஷம் வேறிடத்தில் ஒரு புதுப் பாகத்துக்கு இரண்டாயிரம் கொடுத்திருந்தார், முணுமுணுக்கவில்லை. பெட்டியில் வரும் பொருளுக்குக் காசு கொடுக்கிறோம். கையில் இருக்கும் அறிவுக்குக் கொடுக்க நமக்கு மனசு வருவதில்லை. அப்புறம் மெக்கானிக் என்ன செய்வான்? தேய்த்ததைத் தேய்த்தேன் என்று சொல்லாமல், மாற்றினேன் என்று சொல்லப் பழகுகிறான். நம் ஊரில் நியாயமான கடை நிலைக்க வேண்டும் என்றால், எதையும் மாற்றாமல் சரி செய்தவனுக்கும் முகம் சுளிக்காமல் கூலி கொடுக்க வேண்டும்.

கடைக்காரத் தம்பிகளும் வந்திருக்கிறீர்கள், உங்களுக்கும் சொல்கிறேன். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் திருப்பிக் கொடுங்கள். பைக் மெக்கானிக் தேய்ந்த செயினைக் கொடுக்கவில்லையா? "ஓ.எஸ். போடணும்" என்று சொல்வதற்கு முன்னால், உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். மகள் கல்யாணப் படம் மொத்தமும் ஒரு ஃபார்மேட்டில் போய்விட்டது என்று என் முன்னால் அழுத அம்மாவை நான் மறக்கவில்லை. அதை முன்கூட்டியே ஒரு பென்டிரைவில் எடுத்து வைக்க அரை மணி நேரம் ஆகியிருக்கும். பில் கொடுங்கள். 2020 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பில் கொடுக்காமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. வாடிக்கையாளர்களும் தெரிந்துகொள்ளுங்கள்: 5 லட்சம் ரூபாய் வரையுள்ள புகாருக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. 1915 என்ற எண்ணில் ஆலோசனை கேட்கலாம். பணம் இணையத்தில் பறிபோனால் அது வேறு எண், 1930. ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் கூப்பிட வேண்டும்.

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 உடன் வழக்கமான ஆதரவு முடிந்தது. அன்றிலிருந்து "இந்த சிஸ்டம் இனி வேஸ்ட், புதுசு வாங்குங்க" என்ற பேச்சு ஊரில் கேட்கிறது. நம்பாதீர்கள். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் பல வீட்டுப் பரணில் கிடக்கிறது. அதிலேயே விண்டோசுடன் பாஸ் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தையும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள், நாம்தான் திறந்து பார்க்கவில்லை. ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு ஒரு சின்ன எஸ்எஸ்டி மாட்டி, எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டால், பிள்ளை தட்டச்சுப் பழகவும் விண்ணப்பம் போடவும் அது போதும். லினக்ஸை யாரிடம் கற்பது என்று கேட்பீர்கள். விழுப்புரத்தில் ஒரு லினக்ஸ் பயனர் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்கு இதைக் காசில்லாமல் கற்றுத்தருகிறது. 2012 ஜனவரியிலிருந்து வரும் கணியம் இதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே எழுதுகிறது.

தமிழில் என்பது சின்ன விஷயம் இல்லை. 1999இல் சென்னையில் தமிழ் இணைய மாநாடு கூடி, தமிழ்99 என்ற விசைப்பலகையை முடிவு செய்தது. ஆனாலும் இன்றும் நம் கடைகளில் பழைய எழுத்துருவில் மனு அடித்துக் கொடுக்கிறார்கள். வேறு மெஷினில் திறந்தால் அது புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாக நிற்கிறது. அதிராம்பட்டினத்து உமர்தம்பி எந்த மெஷினிலும் ஒரே மாதிரி திறக்கும் ஒருங்குறியில் தேனீ என்ற எழுத்துருவை உருவாக்கி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்துவிட்டு 2006இல் மறைந்தார். அப்படிப்பட்டவர்கள் போட்ட பாதை இருக்கும்போது, பாஸ்வேர்டு என்றால் என்ன என்று தெரியாமல் ஒரு பீடித் தொழிலாளி நிற்கக்கூடாது. "இது உங்க வீட்டுச் சாவி அக்கா, கடையில விட்டுட்டுப் போகாதீங்க" என்று தமிழில் சொன்னால் ஒரே வாக்கியத்தில் புரிகிறது. நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

சரி, என்ன செய்யப் போகிறோம்? பெரிய திட்டம் எதுவும் என்னிடம் இல்லை. கடைக்காரத் தம்பிகளில் யாருக்கு முடியுமோ அவர்கள் நாளைக்குக் காலையில் மானிட்டரைப் பக்கவாட்டில் திருப்பி வையுங்கள், எதிரே ஒரு ஸ்டூல் போடுங்கள். வாடிக்கையாளர் வரும்போது அவர் போன் கையில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போய் எடுத்துவரச் சொல்லுங்கள், கோபித்தாலும் பரவாயில்லை. நான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை ஒரு மேசை போட்டு உட்காருகிறேன். கூலி கிடையாது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. மெஷினைக் கொடுத்துவிட்டுப் போக முடியாது, கூடவே உட்கார வேண்டும், நான் சொல்லச் சொல்ல நீங்கள்தான் கழற்ற வேண்டும்.

பரணில் கிடக்கும் லேப்டாப்பைத் தூசி தட்டி எடுத்து வாருங்கள். சார்ஜரை மறந்துவிடாதீர்கள். ஸ்க்ரூடிரைவர் நான் கொண்டுவருகிறேன். வீட்டில் பிள்ளைகளின் பென்சில் டப்பாவில் நல்ல ரப்பர் ஒன்று இருந்தால், அதையும் கையோடு எடுத்து வாருங்கள்.